அரியன கற்கும் ஆறு

(நாகர்கோவிலை அடுத்த ஊரொன்றில், மேனிலை வகுப்பு மாணவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பெற்ற தலைப்பு 'அரியன கற்கும் ஆறு' என்பது. ஆறு என்றால் வழி. தமிழாசிரியன் ஒருவனை அழைத்து, இயற்பியலையும் வேதியியலையும் கணக்கையும் எவ்வாறு கற்பது என்று பேசச் சொல்கின்றார்களே, இவனுக்கு அவை எவ்வளவு தெரியும் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவதில் தவறில்லை. அப்பாடங்களை நடத்த நான் வரவில்லை. அரிய பாடம் என்று அஞ்சப்படும் ஒன்றை மாந்த மூளை எவ்வாறு தன்னுடைமையாக்கிக் கொள்கின்றது என்பதை எண்ணூறு ஆண்டுகட்கு முன்பே பங்கு பிரித்துக் கணக்கிட்டுச் சொன்ன நூலொன்று தமிழில் உளது. அதனை முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் நடத்தி வருகின்றேன். அந்நூல் காட்டும் கணக்கைக் கொண்டு உங்கள் படிப்பு முறையை அளந்து பார்க்கவே இங்கு நிற்கின்றேன்.

முதலில் உங்கள் நாளை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் எழுந்து, தோவாளையிலிருந்தும் பூதப்பாண்டியிலிருந்தும் பேருந்தேறி வடசேரிக்கு வந்து, ஏழு மணிக்குத் தனிப்பயிற்சி வகுப்பில் அமர்கின்றீர்கள். பின்னர்ப் பள்ளி. மாலையில் மீண்டும் தனிப்பயிற்சி. இரவில் கைப்பேசியில் காணொளி. அதன்பின் பாடநூலை விரித்து, மஞ்சள் மையால் கோடிட்டுக் கோடிட்டு நான்கு முறை படிக்கின்றீர்கள். ஆக, ஒரு நாளில் பத்து மணிநேரம் கேட்கின்றீர்கள். இரண்டு மணிநேரம் பார்க்கின்றீர்கள். உங்கள் வாய் பாடத்தைப் பற்றித் தானாகப் பேசியது எத்துணை நேரம்? கணக்கிட்டுச் சொல்லுங்கள். பத்து மணித்துளி தேறாது. பிறகு தேர்வறையில் அமர்ந்து, 'ஐந்து முறை படித்தேன் ஐயா, எழுதும்போது வரவில்லை' என்று கலங்குகின்றீர்கள். பெற்றோரோ, 'இவனுக்கு மண்டையில் ஏறவில்லை' என்று முடிவு கட்டி, அறிவியற் பிரிவிலிருந்தே பிள்ளையை விலக்கிவிடுகின்றனர். எத்தனை பிள்ளைகள் இவ்வாறு விலகிப் போனதை நான் கண்டிருக்கின்றேன்! மண்டையில் குறையில்லை. கற்ற முறையில்தான் குறை.

நன்னூல் என்றவுடன் புணர்ச்சி இலக்கணமும் மதிப்பெண்ணுமே உங்கட்கு நினைவுக்கு வரும். ஆனால் பவணந்தியார் எழுத்தையும் சொல்லையும் தொடங்குமுன், நூல் என்பது யாது, ஆசிரியர் யார், மாணாக்கர் யார், கற்பிப்பது எங்ஙனம், கற்பது எங்ஙனம் என்றெல்லாம் பொதுப்பாயிரத்தில் விளக்குகின்றார். சீயகங்கன் என்னும் அரசன் வேண்ட, பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி எழுந்த நூல் அது. கற்பவன் செய்யவேண்டியனவாக அவர் கூறுவனவற்றை என் சொற்களில் சொல்கின்றேன். உலக வழக்கையும் நூல் வழக்கையும் அறிதல் வேண்டும். பாடத்தைப் போற்றி நினைவில் வைத்தல் வேண்டும். கேட்டவற்றை மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆசிரியரை அடுத்து மறுபடியும் கேட்டல் வேண்டும். தம்மை ஒத்த மாணாக்கரோடு கூடிப் பயிலல் வேண்டும். அவரை வினவுதலும் அவர் வினவியவற்றிற்கு விடை கூறுதலும் வேண்டும். இவற்றைக் கடனாகக் கொண்டால் அறியாமை பெரிதும் அகலும் என்பது அவர் முடிபு.

இதுவரை வந்தது எவரும் சொல்லக்கூடிய அறிவுரைதானே என்று தோன்றும். அடுத்து வருவதே அருமையானது. ஒருமுறை கேட்டவன் இரண்டாம் முறையும் கேட்டால் பிழை பெரிதும் நீங்கும்; மூன்றாம் முறை கேட்டால் முறையறிந்து எடுத்துச் சொல்வான் என்கின்றார். ஆனால் ஆசிரியர் உரைத்தது முழுவதையும் குறைவறக் கேட்டுக்கொண்டாலும், அவனுக்குக் கிட்டுவது புலமையில் காற்பங்கே! உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு எங்கிருந்து வருகின்றது? தான் கற்றதைப் பிறர்க்கு விரித்து உரைப்பதிலிருந்து வருகின்றது. தன்னிடம் கற்க வந்தார்க்கும் கற்றோர் அவைக்கும் எடுத்துச் சொல்லும்போதுதான் முழுப்புலமை நிறைகின்றது.

இக்கணக்கை உங்கள் பத்து மணிநேரத்தோடு வைத்துப் பாருங்கள். நாள் முழுவதும் நீங்கள் உழைப்பது அந்த முதற் காற்பங்குக்காகவே. மீதி முக்காற் பங்கினை நீங்கள் தொடவே இல்லை. காற்பங்கையே நான்கு முறை கூலி கொடுத்து வாங்கினால் அது முழுமையாகிவிடும் என்று எண்ணுவதுபோல் உளது நம் தனிப்பயிற்சி வகுப்புகளின் நிலை. அதே பாடத்தை வேறொருவர் வாயால் இன்னொருமுறை கேட்பதற்குத்தான் பெற்றோர் நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகின்றனர்.

'பழம்புலவர் கூறியது இன்றைக்குப் பொருந்துமா' என்று கேட்பாரும் இந்த அவையில் இருப்பர். கேட்கட்டும். பழமை என்பதனாலேயே ஒன்றைப் போற்றுவது தமிழறிவு ஆகாது. ஆகவே ஆய்வகத்தார் கண்டதையும் சொல்கின்றேன்.

செருமனி நாட்டில் எர்மன் எபிங்காசு என்னும் உளவியலறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே நெட்டுருச் செய்து, அவை எவ்வளவு விரைவில் மறந்து போகின்றன என்று தம்மையே ஆய்வுப் பொருளாக்கி அளந்தார். 1885-இல் அதனை நூலாக வெளியிட்டார். மறந்ததை மறுபடி கற்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகின்றது என்பதே அவர்தம் அளவுகோல். ஒரு மணிநேரத்திலேயே பாதிக்குமேல் கழன்றுவிட்டது. ஒரு நாள் சென்றபின் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே எஞ்சியது. ஆனால் அவர் கண்ட மற்றொன்று உங்கட்கு மிகவும் பயன்படும். ஒரே நாளில் 68 முறை திரும்பத் திரும்பச் சொல்லிப் பெற்ற பயனை, மூன்று நாள்களுக்குப் பிரித்துச் சொன்னபோது 38 முறையிலேயே பெற்றுவிட்டார். தேர்வுக்கு முந்தைய நாளிரவு கண் விழிக்கும் பிள்ளை செய்யும் உழைப்பில் ஏறத்தாழப் பாதி வீண் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அடுத்தது அமெரிக்காவில், செயின்று உலூயி நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், ரோடிகர், கார்ப்பிக்கு என்னும் இருவர் நிகழ்த்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு. கல்லூரி மாணவர்க்கு ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்தனர். ஒரு குழுவினர் அதனை நான்கு வேளை படித்தனர். இன்னொரு குழுவினர் ஒரு வேளை மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்று வேளையும் பகுதியைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து மணித்துளி கழித்துத் தேர்வு வைத்தபோது நான்கு வேளை படித்தவரே வென்றனர்: அவர்க்கு நூற்றுக்கு 83, எழுதிப் பார்த்தவர்க்கு 71. ஒரு கிழமை கழித்து வைத்த தேர்வில் நிலை தலைகீழாயிற்று. படித்துப் படித்துப் பார்த்தவர்க்கு 40. நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்க்கு 61.

இதில் நுட்பம் ஒன்று உளது; அதனைக் கருத்தூன்றிக் கேளுங்கள். மீண்டும் மீண்டும் படிப்பவனுக்கு அப்பொழுதைக்குப் பாடம் நன்றாகத் தெரிந்ததுபோலவே தோன்றும். ஐந்து மணித்துளி வரை அது மெய்யுங்கூட. கண்ணுக்குப் பழகிய வரியை மூளை 'எனக்குத் தெரியும்' என்று ஏமாந்து ஒப்புக்கொள்கின்றது. தெருவில் நாள்தோறும் காணும் முகத்திற்குப் பெயர் தெரியாமல் விழிப்பதில்லையா? அதுபோன்றதே இது. முகம் பழகியது, பெயர் பழகவில்லை. தேர்வில் கேட்கப்படுவது பெயர்.

தமிழர்தம் பள்ளிகளில் இவ்வரைப்பங்குக் கல்வி ஏட்டோடு நின்றுவிடவில்லை, நடைமுறையிலும் இருந்தது. திண்ணைப் பள்ளியில் ஆசிரியர் ஒருவரே. முன்னர்க் கற்ற மாணவன் பின்னர் வந்தார்க்குச் சொல்லிக் கொடுப்பான். அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். இன்று வகுப்பில் வாய்பேசுவோர் பெயரைக் கரும்பலகையில் எழுதி வைப்பவனையே சட்டாம்பிள்ளை என்கின்றோம். அது தேய்ந்த வழக்கு. திருவிதாங்கூரில் வாழ்ந்த சட்டம்பி அடிகள் (1853 - 1924) இளமையில் தம் ஆசானின் பள்ளியில் அப்பணியைச் செய்தமையாலேயே அப்பெயர் பெற்றார். பெயரே நிலைத்துவிடும் அளவிற்கு அது மதிப்பார்ந்த பொறுப்பாய் இருந்தது.

சென்னை எழும்பூரில் படைவீரர்தம் பிள்ளைகட்கான ஆதரவில்லம் ஒன்றை 1789 முதல் நடத்தி வந்த ஆண்டுரூ பெல் என்னும் இசுகாத்துலாந்துச் சமயகுரு, நம் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டார். தம் இல்லத்திலும் அவ்வாறு செய்விக்க முயன்றார். அங்கிருந்த ஆசிரியர்கள் இசையவில்லை. எனவே எட்டகவைச் சிறுவன் ஒருவனையே சிறு பிள்ளைகட்குச் சொல்லிக் கொடுக்க அமர்த்தினார். அம்முறை வெற்றி பெற்றது. 1796-இல் தாயகம் திரும்பிய அவர், மறு ஆண்டே அதுபற்றி இலண்டனில் நூல் வெளியிட்டார். மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் அம்முறை 'மதராசு முறை' என்ற பெயரோடு இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகள் பலவற்றில் பரவியது. ஆக, நம் திண்ணையிலிருந்து கப்பலேறிய முறையை நாம் மறந்தோம். பின்னர் அவர்கள் பள்ளியிலிருந்து வந்த நாற்காலி முறையைக் கல்வி என்று ஏற்றோம்.

இதனால் திண்ணைப் பள்ளியைப் பொன்னாகப் புனைகின்றேன் என்று கருதிவிடாதீர்கள். பிள்ளையைக் கட்டித் தொங்கவிட்டு அடித்த பள்ளி அது. எல்லாக் குடியிலும் பிறந்த பிள்ளைகட்கும் அதன் திண்ணையில் இடங்கிடைத்ததில்லை. நாஞ்சில் நாட்டார்க்கு இதனை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அக்கொடுமைகள் ஒழிந்ததே நன்று. கொடுமையோடு சேர்த்து நன்முறையையும் ஒழித்துவிட்டோமே என்பதுதான் என் வருத்தம்.

'எனக்குச் சொல்லித்தர மாணாக்கன் எங்கே கிடைப்பான்' என்று கேட்பீர்கள். ஒரு நிகழ்ச்சியைச் சொல்கின்றேன். விளவங்கோடு வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து என்னிடம் பயின்ற பெண்ணொருத்தி. தாய் முந்திரி ஆலைக்குப் போய்வரும் தொழிலாளி, எழுத்தறியாதவர். கொட்டை உடைத்துக் கறை படிந்த விரல்களோடு மாலையில் வீடு திரும்பிய பின், அடுப்பங்கரையில் அமர்ந்து, 'இன்னைக்கி என்ன படிச்ச மக்ளே, சொல்லு' என்பாராம். மகளும் கதைபோலச் சொல்லுவாள். ஒருநாள் தாவரவியல் பாடம். வேர் நீரை உறிஞ்சுகின்றது, அந்நீர் இலைக்குச் செல்கின்றது என்று மகள் சொல்ல, அந்தத் தாய் கேட்டாராம்: 'அப்பம் அந்தத் தண்ணி தென்ன உச்சிக்கு எப்பிடி மக்ளே ஏறுது? உள்ள மோட்டாரா வச்சிருக்கு?'

மகளுக்கு விடை தெரியவில்லை. 'நீராவிப்போக்கின் இழுவிசை' என்ற தொடரைப் பத்து முறை எழுதிப் பழகியிருந்தாள். ஆனால் அத்தொடர்தான் தாயின் வினாவிற்கு விடை என்று அவளுக்குத் தோன்றவில்லை! மறுநாள் தாவரவியல் ஆசிரியரிடம் போய் நின்றாள். இலைத்துளைகளின் வழியே நீர் ஆவியாகி வெளியேறுகின்றது. வெளியேறும் நீர் தன் பின்னுள்ள நீரை இழுக்கின்றது. நீரின் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதால் உச்சியிலிருந்து வேர்வரை அறுபடாத கயிறு போல மேலேறுகின்றன என்று அவர் விளக்கினார். திக்சன், சோலி என்னும் அயர்லாந்து நாட்டறிஞர் இருவர் 1894-இல் வெளியிட்ட கருத்து அது. மாலையில் அவள் தாயிடம், 'மோட்டார் இலையில இருக்கும்மா, வெயில்தான் கரண்டு' என்று சொன்னாளாம். இதைவிடச் சிறந்த விளக்கத்தை எந்தப் பாடநூலிலும் நான் கண்டதில்லை. அப்பெண் இன்று தாவரவியல் ஆசிரியை.

தாய்மார்களே, உங்கட்கு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. தெரியாமலிருப்பதே சில வேளை நன்று. தெரிந்தவரிடம் பிள்ளை பாதி சொல்லி நிறுத்திவிடும். அவர் மீதியைத் தாமே நிரப்பிக்கொள்வார். தெரியாதவரிடம் முழுவதையும் சொல்லியாக வேண்டும். நாளுக்கு அரைமணிநேரம் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். விளங்காத இடத்தில் 'எப்படி', 'ஏன்' என்று மட்டும் கேளுங்கள். எந்தத் தனிப்பயிற்சி நிலையமும் இதனைப் பணத்திற்குத் தராது.

இனி, இவ்வளவும் எந்த மொழியில் நடக்கும் என்பதை நினையுங்கள். அந்தப் பெண் தாயிடம் ஆங்கிலத்தில் சொல்லியிருக்க முடியுமா? எடுத்துரைப்பதே கல்வியின் அரைப்பங்கு என்றால், எடுத்துரைக்கும் மொழி நம் மொழியாக இல்லாதபோது அந்த அரைப்பங்கு அடைபட்டுப் போகின்றது. ஆங்கிலவழியில் பயிலும் பிள்ளை பாடத்தை ஒப்பிக்கின்றது; உரைப்பதில்லை. ஒப்பித்தலுக்கும் உரைத்தலுக்கும் உள்ள வேறுபாடு, கிளிக்கும் மாந்தனுக்கும் உள்ள வேறுபாடு.

பாடநூலில் உள்ள தமிழ்க் கலைச்சொற்கள் கடினம் என்கின்றனர். நான் மாறாகச் சொல்வேன். 'சவ்வூடு பரவல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சவ்வின் ஊடாகப் பரவுதல். சொல்லைப் பிரித்தால் இலக்கணமே கிடைத்துவிட்டது. மாங்காய்க் கீற்றில் உப்பைத் தூவி வைத்தால் சிறிது நேரத்தில் நீர் ஊறி நிற்பதை எல்லா வீட்டிலும் பார்த்திருக்கின்றீர்கள். செறிவு குறைந்த உட்புறத்திலிருந்து செறிவு மிகுந்த உப்புப் பக்கத்திற்குச் சவ்வினூடாக நீர் வருகின்றது, அவ்வளவே. குளச்சலிலும் முட்டத்திலும் மீனை உப்பிட்டுக் கருவாடாக்குவார்க்கு இது கைவந்த செய்தி. ஆங்கிலச் சொல்லை மட்டும் நெட்டுருச் செய்த பிள்ளைக்கு, அச்சொல் தன் வீட்டு ஊறுகாய்ச் சாடியைச் சுட்டுகின்றது என்பதே தெரியாது.

'நிலைமத் திருப்புத்திறன்' என்ற சொல்லைக் கண்டு நடுங்குவோர் பலர். நிலைமம் என்பது, இருக்கும் நிலையை விடாமல் பற்றி நிற்கும் இயல்பு. சுழற்சியில் அவ்வியல்பு எவ்வளவு என்பதையே இச்சொல் குறிக்கின்றது. குயவர் திகிரியின் விளிம்பில் மண்ணை அப்பிக் கனமாக்கினால், சுழற்றத் தொடங்குவது அரிது. சுழன்றபின் நிறுத்துவதும் அரிது. அதே நிறையை அச்சிலிருந்து இரு மடங்கு தொலைவில் வைத்தால் அத்திறன் நான்கு மடங்காகும், தொலைவின் இருபடியைக் கொண்டு பெருக்குவதனால். இப்படிச் சொல்லிப் பார்த்துவிட்டு வாய்பாட்டுக்குப் போங்கள். அது உங்களைக் கண்டு விலகாது. நுண்கணிதத்தில் வரும் வகையீடும் தொகையீடும் யாருடைய சொற்கள்? தொகுத்தும் வகுத்தும் விரித்தும் நூல் செய்த இலக்கணப் புலவர்தம் சொற்கள்!

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் என்பார், 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறும் அறுவை மருத்துவமும் குழந்தைப்பேற்று மருத்துவமும் வேதியியலும் தமிழ் நூல்களாயின. வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று அவர் இட்ட பெயர் நமக்கு உவப்பன்று. இருப்பினும் பெயரைக் குறை கூறி, 1875-லேயே அந்நூல் தமிழில் அச்சேறியதை மறந்துவிடலாகாது. பிறநாட்டார் ஒருவர், கற்பார் மொழியிலேயே அரும்பாடத்தை விளக்கவேண்டும் என்று உணர்ந்து, முதலில் தாம் அம்மொழியைக் கற்றார். நம்மவர் பலர்க்கு அவ்வுணர்வு இன்னும் வரவில்லை.

நம் மாவட்டத்தையே பாருங்கள். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தாய்த் தமிழகத்தோடு இணைவதற்கு முன்பு, இம்மண் திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தது. தேரூரிலே 1876-இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகனார் பள்ளியில் மலையாளம் பயில நேர்ந்தது. தமிழை அவர் பள்ளிக்கு வெளியே, திருவாவடுதுறை மடத்தைச் சேர்ந்த சாந்தலிங்கத் தம்பிரானிடம் பாடங்கேட்டே கற்றார். பள்ளி தராததைத் தேடிப்போய்க் கேட்டவர் அவர். பின்னாளில் பலர்க்கு எடுத்துரைத்த ஆசிரியராகவும் ஆனார். இன்று பள்ளி தமிழில் தருகின்றது. நாம்தாம் வேண்டாம் என்கின்றோம்.

ஆங்கிலவழியில் சேர்ந்துவிட்ட பிள்ளைகள் என்ன செய்வது? அவர்களைக் கைவிட்டுவிட்டுப் பேசுவது ஆசிரியனுக்கு அழகன்று. பாடத்தை முதலில் தமிழில் யாரிடமேனும் சொல்லி விளங்கிக்கொள்ளுங்கள். விளங்கியபின் ஆங்கிலத்தில் எழுதுங்கள். இதனால் இரட்டை வேலை என்று தோன்றும். உண்மையில் ஒரு வேலையை முறையாகச் செய்கின்றீர்கள்.

வினவுதலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 'ஒன்றுமே விளங்கவில்லை ஐயா' என்று வந்து நிற்கும் மாணவனுக்கு எந்த ஆசிரியராலும் உதவ முடிவதில்லை. இலக்கணத்தில் வினா ஆறு வகை என்று படித்திருக்கின்றீர்கள். அவற்றுள் அறியாவினா வேறு, ஐயவினா வேறு. ஒன்றும் அறியாமல் கேட்பது அறியாவினா. கிடப்பது கயிறோ பாம்போ என்று இரண்டில் ஒன்றைத் துணிய மாட்டாமல் கேட்பது ஐயவினா. ஐயவினாக் கேட்பவன் பாதி வழி வந்துவிட்டான். ஆகவே ஆசிரியரிடம் போகுமுன், உங்கள் அறியாவினாவை ஐயவினாவாக மாற்றிக்கொண்டு போங்கள். 'இந்தக் கணக்கு தெரியவில்லை' என்னாதீர்கள். 'மூன்றாம் வரியிலிருந்து நான்காம் வரி வந்தது பெருக்கியதாலா, இருபுறமும் வகுத்ததாலா' என்று கேளுங்கள். இடர்ப்பட்ட இடத்தை விரலால் தொட்டுக் காட்டத் தெரிந்தவனுக்கு இடர் சிறுத்துவிடும்.

அவ்வாறு கேட்டுக் கற்றவர்க்கு ஒரு சான்று. 1880-இல் குடந்தைக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த உ.வே. சாமிநாதர், சேலம் இராமசாமி முதலியார் வினவியதால் சீவக சிந்தாமணியைக் கையிலெடுத்தார். பெரும்புலவர் மீனாட்சிசுந்தரனாரிடம் பல ஆண்டுகள் பாடங்கேட்டவர்க்கே அந்நூல் விளங்கவில்லை. ஏனெனில் அது சமண நூல். என்ன செய்தார்? குடந்தையில் வாழ்ந்த சமணரைத் தேடிச் சென்று, ஐயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர்கள் படிக்கும் இடத்தில் அமர்ந்து கற்றார். கல்லூரி ஆசிரியர் என்ற பெருமிதம் குறுக்கே நிற்கவில்லை. அந்நூல் 1887-இல் அச்சாகி வெளிவந்தது. அவர்தம் ஆசிரியரோ, இளமையில் தண்டியலங்காரம் கற்பதற்காக, அதனை அறிந்திருந்த ஒரு இரவலர் பின்னாலேயே தெருத் தெருவாக நடந்தவர் என்பது வரலாறு.

நெட்டுருவை நான் வெறுப்பதாக யாரும் எண்ணற்க. பாடம் போற்றுதலைப் பவணந்தியாரே விலக்கவில்லை. வரிசையில் இரண்டாவதாக வைத்தார். முந்திரி என்பது 320-இல் ஒன்று, காணி என்பது 80-இல் ஒன்று, மா என்பது 20-இல் ஒன்று என்று எண்சுவடியைப் பாடிப் பயின்ற நம் முன்னோர், கருவி எதுவுமின்றி நெல்லையும் நிலத்தையும் கணக்கிட்டனர். தனிமங்களின் குறியீடும் பெருக்கல் வாய்பாடும் நாவில் நிற்கத்தான் வேண்டும். ஆனால் நெட்டுரு பொறுக்கி வைத்த விறகு. அதனை எரிய வைப்பது எண்ணிப் பார்த்தல்.

கணித அறிஞர் இராமானுசன் குடந்தையில் மாணவராயிருந்தபோது, 1903-ஆம் ஆண்டளவில், கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த நூலொன்று கைக்குக் கிடைத்தது. ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகள் அடுக்கப்பட்ட நூல். நிறுவல்கள் மிகக் குறைவு. தேர்வுக்குப் படிப்பவனாயின் முடிவுகளை உருப்போட்டிருப்பான். அவரோ ஒவ்வொன்றும் எங்ஙனம் வந்தது என்று கற்பலகையில் தாமே போட்டுப் பார்த்தார். நிறுவல் இல்லாத குறையே அவர்க்கு ஆசானாயிற்று. மற்றப் பாடங்களைப் புறக்கணித்ததால் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார் என்பதும் உண்மையே. அப்பகுதியைப் பின்பற்றுமாறு உங்களிடம் நான் கூற வரவில்லை! ஆனால் விடைக்குறிப்பேட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு கணக்குப் போடும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். இருபது மணித்துளி முட்டி மோதிய பின் விடையைப் பார்த்தால், அது நெஞ்சில் ஒட்டும். முட்டாமல் பார்த்தால் ஒட்டாது.

நாளை முதல் செய்யக்கூடியதைச் சொல்லிவிடுகின்றேன். வகுப்பில் ஒரு பாடம் நடந்த அன்று மாலையே, நூலைத் திறவாமல், வெள்ளைத் தாளில் நினைவுக்கு வந்ததையெல்லாம் தமிழில் எழுதுங்கள். அரைப்பக்கம்கூட வராது, அஞ்ச வேண்டா. பின்பு நூலைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையால் சேருங்கள். சிவப்பு எங்கே மிகுதியோ அங்கேதான் படிக்க வேண்டியது உளது. மற்றதை மீண்டும் படிப்பது பொழுது போக்கு. மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஒரு கிழமை சென்று ஒருமுறை இதனையே செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் சிவப்பு குறைவதை நீங்களே காண்பீர்கள். ஒரே வகைக் கணக்கை இருபது போடுவதைவிட, நான்கு வகையை ஐந்தைந்தாகக் கலந்து போடுங்கள். தேர்வுத்தாளில் எந்தக் கணக்கும் 'நான் இன்ன வகை' என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை.

நால்வர் நால்வராகச் சேருங்கள். நால்வர்க்கு மேல் வேண்டா. மிகுந்தால் ஊர்க்கதை வந்துவிடும். ஞாயிறுதோறும் ஒருவர் சட்டாம்பிள்ளை. அவர் பாடநூலின்றி எழுந்து நின்று ஒரு பகுதியை விளக்கவேண்டும்; மற்ற மூவரும் ஐயவினாக்களால் அவரை மடக்கவேண்டும். அடுத்த கிழமை வேறொருவர். நன்றாகப் படிப்பவரே எப்போதும் விளக்கினால் அவரே இன்னும் நன்றாகப் படிப்பார். ஏனையோர் அப்படியே இருப்பர். ஆகவே கடைசி மதிப்பெண் வாங்கியவருக்கே முதல் முறையைக் கொடுங்கள். ஆசிரியத் தோழர்களுக்கும் என் வேண்டுகோள் அதுவே: நாற்பது மணித்துளி வகுப்பில் பத்தினை மாணவர் வாய்க்கு விட்டுக் கொடுங்கள். பாடத்திட்டம் முடியாது என்பீர்கள். முடித்த பாடத்தில் பிள்ளைகள் முடித்தது எவ்வளவு என்று விடைத்தாள் திருத்தும்போது பார்த்துக்கொண்டுதானே இருக்கின்றோம்.

நான் ஒருமணி நேரமாகப் பேசிவிட்டேன். பவணந்தியார் கணக்குப்படி உங்கட்குக் கிடைத்தது காற்பங்கே. அவைத்தலைவரிடம் இசைவு பெற்றுள்ளேன். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பதினோராம் வகுப்புச் செல்வங்களுள் ஒருவர் மேடைக்கு வாருங்கள். சவ்வூடு பரவலையோ, தென்னை உச்சிக்கு நீரேறுவதையோ, அதோ கடைசி வரிசையில் நிற்கும் பாட்டிக்கு விளங்குமாறு சொல்லுங்கள். ஒலிவாங்கி இதோ. நான் இறங்கி உங்கள் இடத்தில் அமர்கின்றேன்.